துடைத்துவிட்டுப் பார்ப்பவர்

அவர் கூட இருந்தால் எந்தக் காரியமும் அரை நாள் தள்ளிப்போகும். அன்றைக்கு இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். காரியம் தள்ளிப்போனது மட்டும் உண்மை.

அறுபதுகளின் நடுவில், பயிருக்கு ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விமானம் ஓட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஊர், யாருடைய வயல், எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை என்று பேசி முடித்து, விமானத்துக்கு அடையாளம் காட்ட வயலோரம் கொடி பிடிக்க ஆள் நிறுத்துகிற சூப்பர்வைசர் வேலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மேட்டுத் தரிசைச் சமன் செய்து விமானம் இறங்க இடம் பண்ணியிருந்தோம். இருந்தது ஒரே ஒரு விமானம், அதில் ஒருவர்தான் உட்காரலாம். ஓட்டுவதற்கு ஒரு கேப்டன். பழுது பார்ப்பதற்கு ஜப்பார் என்று ஒரு மெக்கானிக். எல்லாம் சரியாக இருக்கிறது, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவதற்கு ஒரு இன்ஜினியர். அந்த இன்ஜினியர்தான் நான் சொல்ல வந்தவர்.

மஞ்சக்குப்பத்தில் பிறந்து பட்டணத்தில் படித்தவர். கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. சாப்பாட்டுப் பிரியர். அடக்கமானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தனக்குத் தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதையும் கண்ட மாத்திரத்தில் 'இதுதான்' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. முதலில் துடைக்க வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். அழுக்கு திரும்ப வந்தால்தான் அது அழுக்கு. வராவிட்டால் அது என்றைக்கோ எவனோ கொட்டியது, அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் உலகத்தையே நடத்தப் பார்த்தார்.

அவரை முதலில் சந்தித்தது திருப்பாப்புலியூர் ரயிலடிக்கு எதிரே இருந்த ஓட்டலில். எனக்கு வந்த தட்டில் மஞ்சளாக ஒரு கறை. நான் சர்வரைக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தேன். பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்தார், யார் என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை, சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து என் தட்டை அழுத்தித் துடைத்தார். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"கறை பீங்கான்லயே இருக்குது. இவரு மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் இட்லிக்குத் திரும்பிப் போனார். சர்வர் அவருக்கு மட்டும் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினான். நான் ஆறிப்போன தோசையைத் தின்றேன். இரண்டு நாள் கழித்து மைதானத்தில் அவரைப் பார்த்தபோதுதான் நாங்கள் ஒரே கம்பெனி என்று தெரிந்தது.

அந்த வெள்ளைத் துணி விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். மெட்ராஸிலிருந்து வருகிற கலர் கலரான பஞ்சு வேஸ்ட்டை அவர் தொடமாட்டார். கறையின் நிறம் தெரிய வேண்டுமானால் துணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பார். இன்ஜின் ஆயில் கறுப்பாக ஒட்டும், கிரீஸ் பழுப்பாக ஒட்டும், பெட்ரோல் ஒட்டாமலே வாசனை மட்டும் விட்டுப்போகும். அதனால் சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சலவைக்காரரிடம் சொல்லி வைத்து, யாரும் திரும்ப வாங்காத பழைய வேட்டிகளை வாங்கிவந்து கிழித்து வைத்துக்கொள்வார். ஒரு முறை விமானம் பார்க்க வந்த வக்கீல் ஒருவர், இன்ஜின் மேல் கிடந்த துண்டில் தன் வேட்டியின் மயில்கண் கரையை அடையாளம் கண்டுகொண்டு, அதைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் ஆள் அவரிடம், "நல்ல நூல் சார், கறைய அப்படியே இழுக்குது" என்று பாராட்டி அனுப்பினார்.

வீட்டிலும் இதே கதைதான். சிதம்பரத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு நான் அடிக்கடி சாப்பிடப் போவேன். பால்காரம்மா பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அவர் மனைவியும் வேறு பால் மாற்றிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். இவர் காலையில் எழுந்து, பால் வாங்குகிற சொம்பைத் தானே கழுவி, உள்ளேயும் வெளியேயும் துணியால் ஈரம் போகத் துடைத்து, அதை வாசலுக்கு எடுத்துப்போய் நீட்டினார். அன்றைக்குக் காய்ச்சிய பாலில் ஆடை கெட்டியாக நின்றது. தண்ணீர் இருந்தது சொம்பில். கழுவிய கையோடு ஈரமாக நீட்டுவது அந்த வீட்டு வழக்கம்.

"தெருவே சொல்லுதேன்னு நீயும் சொல்லிட்ட பாத்தியா" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. என் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்தப்ப என் மூஞ்சிப் பவுடரத் தொடச்சிட்டு வரச் சொல்லாம விட்டாரே, அந்தமட்டும் தப்பிச்சேன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு அப்பளம் கேட்டார்.

எப்போதும் அவர் துடைத்ததில் ஒரு உண்மை வெளியே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆடி மாதம் அண்ணாகிராமம் பக்கம் மணிலா, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளில் கம்பளிப்புழு. விமானத்தின் வயிற்றில் பெட்ரோல் கறை ஒன்றைப் பார்த்துவிட்டு, துடைத்து, காத்திருந்து, மறுபடி துடைத்து, பொழுதை ஓட்டினார். கடைசியில் அது டின்னிலிருந்து ஊற்றும்போது சிந்தியது. அதற்குள் புழு ரோட்டைத் தாண்டி அடுத்தவர் கொல்லைக்குப் போய்விட்டது. அந்தக் கொல்லைக்காரர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். நான் வந்து இவரிடம் எரிந்து விழுந்தேன்.

"ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுதில்ல" என்றார்.

"அது தெரிஞ்சுக்க அரை நாளா?"

"தெரியாம பறந்திருந்தா கேப்டனுக்கு இல்ல தெரிஞ்சிருக்கும்" என்றார். எனக்குக் கோபம் ஆறவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பண்ருட்டிப் பலாச்சுளையை இலையில் பொதிந்து கொண்டுவந்து என் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டுப் போனார். அப்படியும் தன் பக்கம் தவறு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லைதான்.

இனி அந்த மார்கழிக் கதை. அதற்கு முன் அந்த விமானத்தின் புரொப்பெல்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயல்காரர்கள் அதைக் காத்தாடி என்பார்கள். இரண்டு பிளேடு. இரண்டும் நடுவில் ஒரு குடத்தில் செருகியிருக்கும், மாட்டு வண்டிச் சக்கரத்தில் குடம் என்போமே, அது மாதிரி. ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காக, பிளேடுகள் குடத்துக்குள் தாமே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். திரும்புவதற்கு அடியில் பேரிங், பேரிங்குக்குக் கிரீஸ், கிரீஸ் வெளியே வராமலிருக்க சீல் என்கிற ஒரு ரப்பர் வளையம். அப்படியும் கிரீஸ் வெளியே வந்தால் அதற்கு நாலைந்து காரணம் இருக்கலாம். அதில் ஒன்றுமில்லாத காரணமும் உண்டு, ஆளைக் கொல்லுகிற காரணமும் உண்டு. கறையைப் பார்த்தால் எது என்று தெரியாது. சுற்றுகிற வேகத்தில் எல்லாம் பிளேடு நெடுக இழுபட்டுப் போயிருக்கும்.

கிரீஸ் போடுகிற வேலை ஜப்பார் பாயுடையது. பரங்கிப்பேட்டைக்காரர், என் வயதுதான். என்னை மச்சான் என்று கூப்பிடுவார். முன்பு கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர். பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது அவர் பெண் குழந்தை அவரைப் பார்த்துவிட்டு உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். "அன்னிக்கு முடிவு பண்ணேன் மச்சான், இனிமே கப்பல் வேணாம்னு. இந்த வேல போச்சுன்னா வேற கதியில்ல, மறுபடியும் கப்பல்தான்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் குழந்தை தினமும் சாயங்காலம் இவர் சைக்கிள் மணிக்குத் தெருமுனை வரை ஓடி வந்துவிடும். அந்த வேலை அவருக்கு வெறும் சம்பளம் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியும் கார்த்திகையும் விமானம் தார்ப்பாய்க்குள் நின்றது. பாய் தினமும் வந்து புரொப்பெல்லரைக் கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டு மூடி வைப்பார். நடு நடுவே வெயில் அடித்தால் தார்ப்பாய்க்குள் புழுக்கம் தாங்காது. மார்கழி பிறந்து வானம் வெளுத்தபோது குமராட்சிப் பக்கம் சம்பாவில் கதிர் பால் பிடிக்கிற சமயம், நாவாய்ப்பூச்சி விழுந்துவிட்டது. பாலை உறிஞ்சிவிட்டால் அப்புறம் பதர்தான். நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

முதல் நாள் காலையில் கேப்டன் ஏறினார், ஒரு வட்டம் அடித்தார், உடனே இறங்கிவிட்டார். முன் கண்ணாடியில் பழுப்புத் துளிகள். ஒரு பிளேடில் அடியிலிருந்து பாதி வரை நீளமாக ஒரு பிசுக்கு. மற்ற பிளேடு சுத்தமாக இருந்தது.

எங்கள் போதாத காலம், மெட்ராஸிலிருந்து மானேஜர் அன்றைக்குப் பார்த்து ஜீப்பில் வந்திருந்தார். அவருக்கும் இந்த வேலை கொஞ்சம் தெரியும், அதுதான் தொல்லை. ஒவ்வொரு பிளேடின் அடியிலும் கிரீஸ் ஏற்ற இரண்டு நிப்பிள் உண்டு. ஒன்றில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தும்போது எதிரே இருக்கிற மற்றதைக் கழற்றி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் அழுத்தம் போக வழியில்லாமல் ரப்பர் வளையம் பிய்த்துக்கொள்ளும்.

"கழட்டாம அடிச்சிருக்கான். பாத்தாலே தெரியுது" என்றார் மானேஜர்.

"இல்ல சார், கழட்டிட்டுத்தான் அடிச்சேன். அல்லா மேல ஆணையா" என்றார் பாய்.

மானேஜர் அவரிடம் பேசவில்லை, என்னைப் பார்த்தார். "சீல் போச்சுன்னா எவ்வளவு நஷ்டம்னு தெரியுமா? இவன மூட்டையக் கட்டச் சொல்லுங்க. வேற ஆளு அனுப்புறேன்."

பாயின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. இன்ஜினியர் அதற்குள் வேட்டித் துண்டை எடுத்துவிட்டிருந்தார்.

"இருக்கட்டும் சார். தொடச்சிட்டுப் பாக்கலாம்" என்றார்.

துடைத்தார். பிசுக்கான பிளேடை மட்டும் இல்லை, சுத்தமான பிளேடு, குடம், அதன் மேல் தொப்பி மாதிரி இருக்கும் மூடியைக் கழற்றி அதற்குள், இன்ஜின் மூக்கு, கண்ணாடி, எல்லாவற்றையும். துடைத்த ஒவ்வொரு துண்டையும் புல்லின் மேல் வரிசையாக விரித்துப் போட்டுக்கொண்டே போனார். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஜீப்பில் ஏறிச் சிதம்பரத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

பிறகு பையிலிருந்து முகப்பவுடர் டப்பா ஒன்றை எடுத்தார். யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை. இரண்டு பிளேடின் அடியிலும் குடத்தின் மேலும் பவுடரைக் கொட்டி ஊதிவிட்டார். கேப்டன் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டினார். நிறுத்தியதும் நாங்கள் எல்லோரும் ஓடிப் போனோம்.

"யாரும் தொடாதீங்க" என்றார்.

பூதக்கண்ணாடியை எடுத்துக் குடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கெட்டி இரும்பிலிருந்து கசிகிற மாதிரி தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம், விரிசல் என்றால் பிளேடு என்றைக்கோ ஒரு நாள் ஆகாயத்தில் கழன்றுபோகும். பவுடர் அங்கே காய்ந்தே இருந்தது. நிப்பிளைச் சுற்றியும் காய்ந்திருந்தது. பிசுக்கான பிளேடு குடத்துக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் ஒரு பக்கம் பவுடர் நனைந்து, மெல்லிசாக ஒரு கோடு.

அதை விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்தார், துணியில் ஒற்றினார். துணியில் மஞ்சளாக வட்டமாகப் பரவியது.

"இது கிரீஸ் இல்ல. கிரீஸ்ல இருக்குற எண்ண மட்டும் பிரிஞ்சி வருது. சீல் பிச்சிக்கிட்டிருந்தா வெண்ண மாதிரி கட்டியா வரணும். பாய், அந்த டின்ன எடுங்க."

பாய் கிரீஸ் டின்னைத் திறந்தார். மழைக்காலம் முழுக்க நின்ற டின்னில் கிரீஸ் அடியில் கிடந்தது, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் மிதந்தது. சும்மா நின்றால் பிரிகிற சரக்கு அது. அதுவரைக்கும் புரிந்தது. ஆனால் ஒரே டின், ஒரே கை, ஒரே நாளில் போட்டது. ஒரு பிளேடு ஒழுகுகிறது, இன்னொன்று ஏன் ஒழுகவில்லை? இன்ஜினியர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புரொப்பெல்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாப்பாட்டு வேளை தாண்டியும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அதை வைத்தே எனக்குக் கவலை வந்துவிட்டது. காரணம் கிடைக்காவிட்டால் மானேஜர் சொன்னதுதான் காரணம் என்று ஆகிவிடும்.

பாய் சுத்தமான பிளேடின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "சார், ஒண்ணு கேக்கலாமா" என்றார்.

"கேளுங்க."

"அந்தப் பொட்டையும் தொடச்சிட்டீங்களே சார். இனிமே எத மேல வைக்கிறதுன்னு எப்படி அடையாளம் பாக்குறது?"

ஆயுத பூஜை அன்றைக்குப் புரொப்பெல்லரில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எட்டின பிளேடில் மட்டும், அடியில், ஒரு பொட்டு. சந்தனம் உதிர்ந்துபோய்க் குங்குமச் சிவப்பு மட்டும் பெயிண்டில் நகத்தளவு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் துடைத்த கை அதையும் துடைத்துவிட்டது.

"மேல வைக்கிறதா?" என்றார் இன்ஜினியர்.

"ஆமா சார். தெனமும் சுத்திட்டு நிறுத்துறப்ப பொட்டு வச்சது மேலதான் இருக்கும். சாமிப் பொட்டு, அது தரையப் பாத்து நின்னா நல்லாருக்குமா? ஒரு நாளு மறக்கல சார், ரெண்டு மாசமா."

எங்களுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. பொட்டு வைத்த பிளேடு மேலேயே நின்றதால் மற்ற பிளேடு இரண்டு மாசமும் தலைகீழாகத் தரையைப் பார்த்துத் தொங்கியிருக்கிறது. பிரிந்த எண்ணெய் எல்லாம் அதன் வளையத்தில் போய்த் தேங்கியிருக்கிறது. மேலே நின்றதில் எண்ணெய் உள்பக்கமாக இறங்கிவிட்டது, வெளியே வரவில்லை. வேறு பழுது எதுவும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முஸ்லிம் மனிதர் மழையில் சைக்கிள் மிதித்து வந்து, எங்கள் சாமிப் பொட்டு கீழே பார்க்கக் கூடாது என்று இரண்டு மாசம் காவல் காத்திருக்கிறார். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"யாரு பாய் ஒங்களுக்கு மேலயே வைக்கச் சொன்னது?"

பாய் கொஞ்சம் திகைத்தார். "நீங்கதான் சார். பூஜ அன்னிக்குச் சுண்டல் குடுக்குறப்ப சொன்னீங்க. 'இத மேலயே வைங்க பாய், கீழ வுட்டுடாதீங்க'ன்னு."

சொல்லியிருந்தார். எனக்கும் இப்போது நினைவு வந்தது. அந்த ஒரு நாளைக்கு என்று சொன்னது. மறுநாள் மழை வந்தது, இவர் சிதம்பரத்தில் வீட்டோடு இருந்துவிட்டார். அதை மாற்றிச் சொல்ல யாரும் இல்லை.

இன்ஜினியர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சார், இத வளக்காதீங்க. கிரீஸ் சரக்கு சரியில்ல, மெட்ராஸ்லேர்ந்து வந்த டின்னே அப்படின்னு சொல்லிடுங்க. பாதி உண்மதானே. பாயும் பொழைச்சிக்குவாரு, ஒங்களுக்கும் ஒண்ணுமில்ல."

அவர் என்னைப் பார்த்தார். "பாக்கலாம் சூப்பர்வைசரே" என்றார். இந்த மனிதர் பெயர் காப்பாற்றுகிறவர், சட்டை மடிப்புக் கலையாதவர். பாய் சொன்னதைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, கடைசியில் தான் சொன்னதே இல்லை என்று முடித்துவிட்டால்?

சாயங்காலம் வரை இன்ஜினை ஓட்டுவதும் துடைப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் கோடு சிறுத்துக்கொண்டே வந்தது. பிறகு தன் கையாலேயே புரொப்பெல்லரைக் கிடையாக, இரண்டு பிளேடும் சமமாக இருக்கும்படி நிறுத்தி வைத்தார். மானேஜர் திரும்பி வந்தபோது, "நாளைக்குக் காலையில சொல்றேன் சார்" என்றார். நான் குமராட்சிக்குச் சொல்லியனுப்பி, பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் என்ன திட்டியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை பனி விலகியதும் கேப்டன் ஏறி மைதானத்தைச் சில வட்டம் அடித்து இறங்கினார். மானேஜர் கைகட்டி நின்றார். பாய் தன் சைக்கிளுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தூக்கைக் கூட இறக்காமல் நின்றிருந்தார். இன்ஜினியர் புதுத் துண்டு ஒன்றைக் கிழித்து அந்தப் பிளேடின் அடியைச் சுற்றித் துடைத்து, விரித்துக் காட்டினார். வெளுத்த வேட்டி வெளுத்த வேட்டியாகவே இருந்தது.

"சீல் நல்லாருக்கு சார். பாய் நிப்பிளக் கழட்டித்தான் கிரீஸ் அடிச்சிருக்காரு. ஒரே பிளேடு ரெண்டு மாசம் கீழயே நின்னதால எண்ண எறங்கியிருக்கு."

"ஒரே பிளேட ஏன் கீழ நிறுத்தினான்?" என்றார் மானேஜர். "அப்ப அவன் தப்புதானே?"

"நிறுத்தச் சொன்னது நான்" என்றார் இன்ஜினியர்.

பூஜை, பொட்டு, சுண்டல் எல்லாவற்றையும் சொன்னார். கிரீஸ் டின் பிரிகிற சரக்கு என்பதையும் சொன்னார், ஆனால் அதைக் கடைசியில் சொன்னார், அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்ளவில்லை. குரலில் வருத்தமும் இல்லை, வீறாப்பும் இல்லை. ஒழுகுகிற இடம் எது என்று காட்டுகிறாற்போல் காட்டினார்.

"சரி, சரி. தெரியாம நடந்தது" என்று மானேஜர் ஜீப் பக்கம் திரும்பினார்.

"சார்" என்றார் இன்ஜினியர். "நேத்துக் காலையில பாய மூட்டையக் கட்டச் சொன்னீங்க. தப்பு என்னுதுன்னு ஆயிடுச்சி. அப்ப நான் கட்டணுமா?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். டூல் பாக்ஸைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மானேஜருக்கும் தெரியும். அவர் இன்ஜினியரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், வானத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"யாரும் ஒண்ணும் கட்ட வேணாம். போய் வேலயப் பாருங்கய்யா" என்றார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

பாய் அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில் பாரிலிருந்து இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. மார்கழிக் காலையில் வியர்வை ஏது?

அன்றைக்கு முழுக்கப் பறந்தோம். நான் குமராட்சியில் வரப்பில் நின்று, தலைக்கு மேல் அந்தக் காத்தாடி போவதையும் வருவதையும் பார்த்தேன். வயல்காரர்கள் திட்டு எல்லாம் மறந்துபோய் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முந்தின நாள் அரை நாளைக்குப் பதில் முழு நாள் போயிருந்தது. அன்றைக்கு மட்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

சாயங்காலம் மைதானத்துக்குத் திரும்பினேன். விமானம் நின்று, இன்ஜின் சூடு ஆறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் போடுவதற்கு முன் பாய் புரொப்பெல்லரில் கையை வைத்துக்கொண்டு, "சார், எப்படி நிறுத்தட்டும்?" என்று கேட்டார்.

எந்த வேலையானாலும் அருகில் போய் நின்று, முடிந்த பிறகு தானும் ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் நகர்ந்ததில்லை அந்த மனிதர். அன்றைக்கு அவர் புல்லில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எது சரின்னு தோணுதோ அப்படி நிறுத்துங்க பாய்" என்றார்.

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். திரும்பிப் பார்க்காமல் போனார்.